கிளாசிக் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் புதிதாக வாங்கியவர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், தந்தையின் காரைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஷெட்டிலிருந்து வெளியே எடுத்தவர்கள் என எல்லோருமே உள்ளூர் கிளப்பைத் தேடி வரும்போது ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். செய்திமடலைத் தொகுப்பதும் பயணங்களுக்கு வழி வகுப்பதும் என் பொறுப்பாக இருப்பதால் அந்தக் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கிளாசிக் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1980 வரை பிரிட்டனில் தயாரான, பெரும்பாலும் இரண்டு இருக்கைகளும் மடக்குக் கூரையும் கொண்ட கார்களே இத்தகைய கிளப்களின் மையம். எம்ஜி, டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி, ஜாகுவார், லோட்டஸ், மார்கன், சன்பீம் ஆகிய பெயர்களை எந்தக் கூட்டத்திலும் கேட்கலாம். 1945இல் வெளிவந்த எம்ஜி டிசி சுமார் 10,000 கார்களோடு முடிந்துபோனது. வலப்பக்க ஸ்டியரிங் கொண்டதாக மட்டுமே தயாரான கார் அது. அப்படியிருந்தும், வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவில் இந்த வகைக் கார்களின் மீது மோகத்தைக் கிளப்பியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 1948இல் ஜாகுவார் எக்ஸ்கே120 வந்தது. 1952இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் டொனால்ட் ஹீலி நிறுத்திய காரைப் பார்த்த ஆஸ்டின் நிறுவனத் தலைவர் லெனார்ட் லார்ட் அதைத் தாமே பெருமளவில் தயாரிக்க ஒப்புக்கொள்ள, ஆஸ்டின்-ஹீலி என்ற பெயர் பிறந்தது. அடுத்த ஆண்டு டிரையம்ப் டிஆர்2, 1955இல் எம்ஜிஏ, 1961இல் ஜெனீவா கண்காட்சியில் ஜாகுவார் ஈ-டைப் என்று வரிசை நீள்கிறது. எம்ஜிபி, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், லோட்டஸ் எலான் ஆகிய மூன்றும் 1962 என்ற ஒரே ஆண்டில் அறிமுகமானவை. எம்ஜிபி 18 ஆண்டுகள் தயாரிப்பில் இருந்து 5 லட்சத்தைத் தாண்டியது.

1980ஐ எல்லையாகக் கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபரில் எம்ஜியின் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. ஸ்பிட்ஃபயரும் அதே ஆண்டோடு நின்றது. ஆனால் இந்த எல்லையைக் கறாராகப் பிடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. 1981 வரை தயாரான டிரையம்ப் டிஆர்7 காரை வாசலில் நிறுத்தி, 'இது சேராது' என்று சொல்லும் கிளப் ஒரு நல்ல உறுப்பினரை இழக்கிறது. பழைய மினியில் வருபவரும், மோரிஸ் மைனரில் வருபவரும் வரவேற்கப்பட வேண்டியவர்களே; அவர்களுடைய எஞ்சினும் எம்ஜி மிட்ஜெட்டின் எஞ்சினும் பெரும்பாலும் ஏ-சீரிஸ் என்ற ஒரே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

எனக்குச் சொந்தமாகக் கார் இல்லை. சேரலாமா?

சேரலாம். சொல்லப்போனால், கார் வாங்குவதற்கு முன்பே சேர்ந்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். எந்த மாடலில் உங்கள் கால்கள் வசதியாக நீளும், எதில் ஏறி இறங்க முதுகு இடம் கொடுக்கும், எதற்கு உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கும் என்பனவற்றை விளம்பரங்களும் படங்களும் சொல்லாது. ஒரு பயணத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். மேலும், பார்க்கப் போகும் காரின் அடிப்பகுதியைப் பரிசோதிக்கத் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் பகுதியில் துரு உள்ளிருந்து தின்றிருக்கும். வெளியே புதுப் பெயின்ட் பளபளக்கும். அதைத் தட்டிப் பார்த்துச் சொல்லும் கண்ணும் கையும் பல காலம் இந்தக் கார்களோடு வாழ்ந்தவர்களுக்கே வாய்க்கும்.

எம்ஜிக்கும் டிரையம்புக்கும் தனித்தனிப் பெரிய கிளப்கள் இருக்கும்போது உள்ளூர் கிளப் எதற்கு?

இரண்டும் வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. எம்ஜி கார் கிளப் 1930இல் தொடங்கப்பட்டது. 1931க்கு முந்தைய கார்களை முன்னிறுத்திய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப் 1934இலும், டிரையம்பின் டிஆர் வரிசைக் கார்களுக்கான டிஆர் ரெஜிஸ்டர் 1970இலும் உருவாயின. ஒரு தயாரிப்பின் வரலாற்றையும் சேசிஸ் எண் பதிவுகளையும் காப்பது, ஆழமான தொழில்நுட்பக் கட்டுரைகளை வெளியிடுவது, கிடைக்காமல் போன பாகங்களை மறுபடி தயாரிக்க வைப்பது ஆகியவற்றை அத்தகைய கிளப்களால்தான் செய்ய முடியும்.

உள்ளூர் கிளப்பின் பலம் தூரத்தில் இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் உங்கள் காரின் கிளட்ச் பெடல் தரையோடு தரையாக இறங்கிவிட்டால், அரை மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடியவர் யார் என்பதே கேள்வி. அவர் ஓட்டுவது ஹீலியாக இருக்கலாம், உங்களுடையது ஸ்பிட்ஃபயராக இருக்கலாம். கிளட்ச் ஹைட்ராலிக் அமைப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒரே முறையில்தான் இயங்குகிறது. இந்தக் கார்கள் பெருமளவில் ஏற்றுமதியானவை. எம்ஜிஏ ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் தயாராகி, அதில் பெரும்பகுதி வட அமெரிக்காவுக்கே போனது. இப்படி உலகெங்கும் சிதறிக் கிடப்பதால், ஒரு சிறிய ஊரில் ஒரே தயாரிப்புக் கார்களை வைத்து மட்டும் கிளப் நடத்த ஆள் சேராது. எல்லாத் தயாரிப்புகளையும் ஒன்றாக அணைத்துக்கொள்வது அங்கே தேவையின் பொருட்டு தொடங்கியது; இன்று அதுவே அந்தக் கிளப்களின் சிறப்பாகிவிட்டது. இரண்டிலும் உறுப்பினராக இருங்கள் என்பதே என் பரிந்துரை.

மாதக் கூட்டத்தில் என்ன நடக்கும்?

பெரும்பாலான கிளப்கள் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட கிழமையை நிரந்தரமாக ஒதுக்கி வைத்திருக்கும். அலுவல் பகுதி சுருக்கமானது: சென்ற கூட்டக் குறிப்பை ஏற்பது, பொருளாளர் கணக்கு சொல்வது, வரும் பயணங்களை அறிவிப்பது. கூட்டத்தின் உயிர் அதற்கு முன்னும் பின்னும் வாகனம் நிறுத்துமிடத்தில் இருக்கிறது. யாரேனும் பானெட்டைத் திறந்த மறு நிமிடம் நான்கு பேர் குனிந்து நிற்பார்கள். அங்கே புதிதாக வந்தவர் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. கேள்வி கேட்பவரைத்தான் அந்த வட்டம் மிகவும் விரும்புகிறது.

பொறுப்பாளர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நெடுநாள் நண்பர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால், முதல் முறை வந்தவர் இரண்டாம் முறை வரமாட்டார். வந்தவரை வாசலிலேயே வரவேற்று, அவருடைய கார் எதுவோ அதே மாடல் வைத்திருப்பவரிடம் அழைத்துச் சென்று உட்கார வைப்பதற்கென்றே ஒருவரை நியமிப்பது நல்லது.

கூட்டுப் பயணம் எப்படி நடத்தப்படுகிறது?

கிளப் வாழ்க்கையில் இதைவிட முக்கியமான ஒன்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே இதற்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். பயணத்தைத் திட்டமிடுபவர் முன்கூட்டியே அந்த வழியை முழுவதும் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையைத் தவிர்த்து வளைவுகளும் மேடுபள்ளங்களும் உள்ள கிளைச் சாலைகளைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். இந்தக் கார்களின் இருக்கை தரைக்கு மிக அருகில் இருப்பதால், மிதமான வேகத்திலேயே சாலையின் ஒவ்வொரு அசைவும் கைக்கும் முதுகுக்கும் வந்து சேரும்; அந்தச் சுகம் நேரான அகலச் சாலையில் கிடைப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நிறுத்தம் வேண்டும். அந்த இடத்தில் எல்லாக் கார்களும் நிற்க இடம் உண்டா, கழிப்பறை உண்டா, பின்னால் எடுக்காமலே வெளியேற முடியுமா என்பதையெல்லாம் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

புறப்படும் காலையில் எல்லோரும் பெட்ரோல் நிரப்பிக்கொண்டே வர வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. பழைய எரிபொருள் மானிகளை முழுமையாக நம்ப முடியாது. புறப்படுவதற்கு முன் ஒரு சிறு விளக்கக் கூட்டம் நடக்கும். வழித்தாள், தொலைபேசி எண்கள், முதல் நிறுத்தம் ஆகியவை அப்போது உறுதி செய்யப்படும். முன்னே செல்பவர் வழிகாட்டி. கடைசியில் வருபவர் கருவிப்பெட்டியோடும் இழுவைக் கயிற்றோடும் வரும் அனுபவசாலி. அவரைத் தாண்டி எந்தக் காரும் பின்தங்கக் கூடாது. இடையில் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு கடமைதான். ஒவ்வொரு திருப்பத்திலும், பின்னால் வரும் கார் உங்களைப் பார்த்துவிட்டது என்று கண்ணாடியில் உறுதி செய்த பிறகே திரும்ப வேண்டும். பார்க்கவில்லையென்றால் பாதுகாப்பான இடத்தில் ஓரமாக நின்று காத்திருக்க வேண்டும். எல்லோரும் இதைக் கடைப்பிடித்தால் எத்தனை கார்கள் வந்தாலும் வரிசை அறுபடாது. ஒருவர் தவறினால் அவருக்குப் பின்னால் வருகிற அத்தனை பேரும் வேறு சாலையில் போய்விடுவார்கள்.

கார்கள் அதிகமாகச் சேர்ந்தால் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, சில நிமிட இடைவெளியில் அனுப்புவதே நல்லது. நீண்ட வரிசை சாலையில் செல்லும் மற்றவர்களுக்கு இடைஞ்சல். கிளப்பின் நல்ல பெயருக்கும் கேடு. குழுவில் மிக மெதுவாகச் செல்லும் கார் எதுவோ அதன் வேகமே பயணத்தின் வேகம். 948 சிசி எஞ்சின் கொண்ட 1958ஆம் ஆண்டு ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட்டும் 3.8 லிட்டர் ஈ-டைப்பும் ஒரே பயணத்தில் வரும்போது, ஜாகுவார்க்காரர்தான் பொறுமை காக்க வேண்டும்.

பிரிட்டனில் ஆண்டுதோறும் ஏப்ரல் பிற்பகுதியில் 'டிரைவ் இட் டே' என்ற பெயரில் பழைய வாகனங்களை எல்லோரும் ஒரே நாளில் சாலைக்குக் கொண்டுவரும் வழக்கம் இருக்கிறது. 1900 ஏப்ரல் 23 அன்று லண்டனில் தொடங்கிய ஆயிரம் மைல் சோதனை ஓட்டத்தின் நினைவாக நடப்பது அது. மோட்டார் வாகனத்தையே பார்த்திராத மக்களுக்கு அதைக் காட்டுவது அந்த ஓட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. இன்று ஈ-டைப்பை நேரில் பார்த்திராத ஒரு தலைமுறைக்கு நாம் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

வழியில் கார் நின்றுவிட்டால்?

கடைசிக் காரில் வருபவர் நிற்பார். கூடவே இன்னும் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். பெரும்பாலான கோளாறுகள் பற்றவைப்பு அமைப்பிலோ எரிபொருள் வழியிலோதான் இருக்கும். ரோட்டார் ஆர்ம், பாயின்ட்ஸ், கண்டென்சர், ஃபேன் பெல்ட், ஃபியூஸ்கள், ஒரு ரேடியேட்டர் ஹோஸ், சில கிளிப்கள், கொஞ்சம் ஒயர் ஆகியவற்றைக் காரிலேயே வைத்திருந்தால் வீட்டுக்கு ஓட்டியே போய்விடலாம். எஸ்யு நிறுவனத்தின் மின்சாரப் பெட்ரோல் பம்ப் உள்ள காரில் சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்ற ஒலி எழுந்து, கார்புரேட்டரின் மிதவை அறை நிரம்பியதும் அடங்க வேண்டும். ஒலியே இல்லையென்றால் பம்பின் உடலை ஸ்பேனர் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள்; உள்ளே ஒட்டிக்கொண்ட தொடுமுனைகள் பல நேரம் விடுபட்டுவிடும். அதை நம்பி அடுத்த பயணத்துக்கும் கிளம்பிவிடாமல், வீடு சேர்ந்தவுடன் பம்பைக் கழற்றிச் சரிபார்க்க வேண்டும்.

வேறொரு காரிலிருந்து பேட்டரிக்கு இணைப்புக் கொடுக்கும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. 1960களின் பிற்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிடிவ் முனைதான் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். பின்னாளில் மாற்றியமைக்கப்பட்டவையும் உண்டு. பார்த்து உறுதி செய்யாமல் கேபிளை மாட்டக் கூடாது.

பழுதுபார்ப்பு நாள் என்கிறீர்களே, அங்கே என்ன செய்வீர்கள்?

உறுப்பினர் ஒருவருடைய விசாலமான கராஜில், ஓட்டும் பருவம் தொடங்கும் முன் எல்லோரும் கூடுவோம். ஒருவருக்கு பிரேக் ஷூ மாற்ற வேண்டியிருக்கும், இன்னொருவருக்கு வால்வு இடைவெளி சரிசெய்ய வேண்டியிருக்கும். நோக்கம் வேலையை முடித்துக் கொடுப்பது மட்டுமாக இருந்துவிடக் கூடாது. காரின் சொந்தக்காரர் தன் கையாலேயே அதைச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும்.

உதாரணத்துக்கு, இரட்டை எஸ்யு கார்புரேட்டரைச் சரிசெய்யும் பாடத்தைச் சொல்கிறேன். முதலில் மேல்மூடியைத் திருகி டேம்பர் தண்டை வெளியே எடுத்து, உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்டைத் திரும்ப இறக்கும்போது, மூடி உட்காருவதற்குச் சுமார் 6 மில்லிமீட்டர் இருக்கும்போதே ஒரு தடுப்பு கைக்குத் தெரிந்தால் எண்ணெய் போதும். பிறகு, நன்கு சூடேறிய எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகிலும் வைத்துக் காற்று உறிஞ்சப்படும் 'ஸ்ஸ்' ஒலியைக் கேட்க வேண்டும். இரண்டு கார்புரேட்டரிலும் அந்த ஒலி ஒரே அளவில் இருக்கும்வரை ஐடில் திருகுகளைச் சரிசெய்ய வேண்டும். அடுத்து கார்புரேட்டருக்குள் உள்ள பிஸ்டனைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் மட்டும் உயர்த்த வேண்டும். எஞ்சின் வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. அடியிலுள்ள அறுகோண நட்டை ஒரு பக்க அளவு திருப்பி, மறுபடியும் உயர்த்திக் கேட்க வேண்டும். கையேடுகளில் இது இரண்டு பத்தியில் முடிந்துவிடும். ஆனால் 'லேசாகக் கூடுவது' எவ்வளவு என்பது, பக்கத்தில் நிற்பவர் 'இதோ, இப்போது கேளுங்கள்' என்று சொல்லும் அந்த நொடியில்தான் புரியும். கிளப் இருப்பதற்கான காரணத்தை ஒருவருக்கு விளக்க வேண்டுமானால் நான் அவரை இந்த நாளுக்குத்தான் அழைத்துச் செல்வேன்.

ஸ்போக் வீல் உள்ள கார்களுக்கும் அன்றைய தினம் ஒரு பரிசோதனை உண்டு. நடுவில் உள்ள நாக்-ஆன் நட், இடப்பக்கச் சக்கரங்களில் வலஞ்சுழியாகவும் வலப்பக்கச் சக்கரங்களில் இடஞ்சுழியாகவும் இறுகும். செம்பு அல்லது ஈயத் தலை கொண்ட சுத்தியலால்தான் அடிக்க வேண்டும். பக்கம் மாற்றி மாட்டினால் ஓட ஓடத் தளரும். ஆகவே நட்டின் மேல் பொறித்துள்ள அம்புக்குறியைப் பார்த்தே மாட்ட வேண்டும். சக்கரம் அச்சோடு பொருந்தும் ஸ்ப்லைன் பற்களைத் துடைத்து கிரீஸ் தடவுவதையும், ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தளர்ந்ததைக் கண்டுபிடிப்பதையும் அதே நேரத்தில் முடித்துவிடலாம்.

செய்திமடலுக்கு நான் என்ன எழுதலாம்?

பயணக் குறிப்பு, பழுது நீக்கிய அனுபவம், உங்கள் காரின் கதை, விற்பனைக்கு உள்ள பாகங்கள் பற்றிய அறிவிப்பு என எதுவும் எழுதலாம். எழுத்து நடை பற்றிய கவலை வேண்டாம். தகவல் முழுமையாக இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்போம். 'பிரேக்கைச் சரிசெய்தேன், இப்போது நன்றாக இருக்கிறது' என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. எந்த மாடல், எந்த ஆண்டு, என்ன அறிகுறி, எதை முதலில் சந்தேகப்பட்டீர்கள், உண்மையில் எது காரணமாக இருந்தது, எந்த அளவு ஸ்பேனர் தேவைப்பட்டது என்றெல்லாம் எழுதினால், பல ஆண்டுகள் கழித்தும் ஒருவர் பழைய இதழைத் தேடியெடுத்து அதைப் படிப்பார். ஸ்பேனர் அளவைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. போருக்குப் பிந்தைய ஆரம்பக் கார்களில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவுகளும் 1950களிலிருந்து வந்தவற்றில் யுஎன்எஃப் என்ற அங்குல அளவு மரைகளும் இருக்கும். எம்ஜி டிசியின் எஞ்சினிலோ மரை மெட்ரிக், அதன் தலை விட்வொர்த் ஸ்பேனருக்கு ஏற்றது! இத்தகைய செய்திகளை எழுதி வைக்காவிட்டால் தெரிந்தவரோடு சேர்ந்து அவையும் போய்விடும்.

பயணக் குறிப்பில் எல்லோருடைய பெயரையும் வரிசையாகப் போடுவதைவிட, நடந்த ஒன்றிரண்டு சம்பவங்களை விரிவாக எழுதுவது மேல். படங்களில் கார்களுக்குக் கொடுக்கும் இடத்தை மனிதர்களுக்கும் கொடுங்கள். வீட்டு முகவரி, கார் நிறுத்தி வைக்கும் இடம், வெளியூர் செல்லும் தேதி ஆகியவற்றை வெளியிட மாட்டோம். விலைமதிப்புள்ள கார்களைக் குறிவைத்துத் திருடுபவர்கள் இருக்கிறார்கள். உறுப்பினர் ஒருவருக்கு உடல்நலமில்லை என்பது போன்ற செய்தியை, அவரோ குடும்பத்தினரோ அனுமதித்தால் மட்டுமே போடுவோம்.

கண்காட்சியில் பரிசு எப்படிக் கொடுக்கிறார்கள்?

இரண்டு முறைகள் இருக்கின்றன. கான்கூர் என்ற கடுமையான முறையில் நடுவர்கள் புள்ளி போடுவார்கள். ஹோஸ் கிளிப் முதல் டயர் வகை வரை தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மற்றொன்றில் வந்திருக்கும் உறுப்பினர்களோ பொதுமக்களோ தங்களுக்குப் பிடித்த காருக்கு வாக்களிப்பார்கள். உள்ளூர் கிளப்புக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் கருத்து. கான்கூர் போட்டி ஆராய்ச்சிக்கு உதவுகிறது, அதில் மறுப்பில்லை. ஆனால் அது ஒன்றே அளவுகோலாகிவிட்டால், மழையில் நனைந்துவிடுமே என்று காரை வெளியே எடுக்கவே தயங்குகிற உறுப்பினர்கள் பெருகிவிடுவார்கள். நெடுந்தொலைவு ஓட்டி வந்தவருக்கும், அந்த ஆண்டில்தான் முதல் முறையாகக் காரைச் சாலைக்குக் கொண்டுவந்தவருக்கும் தனிப் பரிசு வைப்பது நல்ல வழக்கம்.

பந்தயம் உண்டா?

சக்கரத்தோடு சக்கரம் மோதும் பந்தயம் உள்ளூர் கிளப்பின் வேலையாகாது. திறந்தவெளியில் கூம்புகளை வைத்து, முன்னும் பின்னும் ஓட்டித் திறமை காட்டும் ஆட்டோடெஸ்ட் நடத்தலாம். அதில் மிட்ஜெட் போன்ற சிறிய கார் பெரிய ஹீலியைத் தோற்கடிப்பது சாதாரணம். சாலையில் நடக்கும் ரெகுலாரிட்டி ஓட்டத்தில் குறிப்பிட்ட சராசரி வேகத்தைப் பிசகாமல் காப்பவரே வெல்வார். சீக்கிரம் வந்தாலும் புள்ளி குறையும். ஓட்டுபவரைவிடப் பக்கத்தில் கடிகாரமும் வழித்தாளும் வைத்திருப்பவரின் பங்கே அதில் பெரிது. தம்பதியரும் பெற்றோர்-பிள்ளைகளும் சேர்ந்து செய்யத் தகுந்த ஒன்று. காப்பீடும், அந்தந்த நாட்டு விதிப்படியான அனுமதியும் இல்லாமல் இவற்றில் எதையும் நடத்தக் கூடாது.

உதிரிபாகங்கள் கிடைக்கின்றனவா?

எம்ஜிபிக்கும் டிஆர்6க்கும் ஸ்பிட்ஃபயருக்கும் வியக்கத்தக்க அளவில் கிடைக்கின்றன. எம்ஜிபியின் முழு பாடிஷெல்லையே 1988இலிருந்து பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் புதிதாகச் செய்து தருகிறது. குறைந்த எண்ணிக்கையில் தயாரான கார்களுக்குத்தான் சிரமம். மறுதயாரிப்புப் பாகங்களின் தரம் ஒரே சீராக இருப்பதில்லை, குறிப்பாக ரப்பர் பாகங்களும் பற்றவைப்புப் பாகங்களும். எந்தத் தொகுப்பு நன்றாக இருந்தது என்ற தகவல் கூட்டங்களில் பரிமாறப்படுகிறது. கழற்றிய பழைய பாகத்தை, புதியது சரியாக வேலை செய்கிறது என்று உறுதியாகும் வரை தூக்கி எறியாதீர்கள்.

காரில் மாற்றங்கள் செய்தால் கிளப்பில் ஏற்பார்களா?

இந்த விவாதம் எந்தக் கிளப்பிலும் முடிந்ததில்லை. என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பையும் நம்பகத்தன்மையையும் கூட்டும் மாற்றங்கள், அதுவும் மறுபடி அசல் நிலைக்குக் கொண்டுபோகக் கூடியவையாக இருந்தால், வரவேற்கத்தக்கவை. சீட் பெல்ட், ரேடியேட்டருக்கு மின்விசிறி, எலக்ட்ரானிக் பற்றவைப்பு ஆகியன இந்த வகை. உடலை வெட்டிச் செய்யும் மாற்றங்களுக்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். உங்கள் கார் எந்த நிறத்தில், எந்த வசதிகளோடு, எந்தச் சந்தைக்காகத் தயாரானது என்று அறிய வேண்டுமானால், பிரிட்டனில் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், தன்னிடம் உள்ள தயாரிப்புப் பதிவேடுகளிலிருந்து எம்ஜி, ஆஸ்டின்-ஹீலி, டிரையம்ப் முதலியவற்றுக்குச் சான்றிதழ் வழங்குகிறது. அதைப் பெற்ற பிறகு முடிவெடுங்கள்.

சட்டம், பெட்ரோல் ஆகியவை பற்றிக் கிளப் என்ன உதவி செய்யும்?

விதிகள் நாட்டுக்கு நாடு மாறுபடும். உங்கள் நாட்டு விதியை உள்ளூர் கிளப்பின் செயலாளர் அறிந்திருப்பார். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா 1966இல் தொடங்கப்பட்டது. குறைந்தது 30 ஆண்டு வயதானதையே வரலாற்று வாகனம் என்று அது கொள்கிறது. பிரிட்டனில் 1988இல் உருவான வரலாற்று வாகனக் கிளப்களின் கூட்டமைப்பு அரசோடு பேசும் குரலாக இருக்கிறது. 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே 20 முதல் அங்கே கட்டாய ஆண்டுப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறது என்பதற்காகப் பரிசோதனையைக் கைவிடுவது ஆபத்து. ஆண்டுக்கு ஒரு முறையாவது வேறொருவர் கண் உங்கள் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பார்க்க வேண்டும்.

10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2021 செப்டம்பரிலிருந்து கிரேட் பிரிட்டனில் வழக்கத்துக்கு வந்தது. எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களையும் சீல்களையும் சிதைக்கும், ஈரத்தை இழுக்கும். எத்தனாலைத் தாங்கும் புது ஹோஸ்களை மாற்றுவதும், நீண்ட நாள் நிறுத்தி வைக்கும் காரில் பழைய பெட்ரோலைத் தேக்கி வைக்காமலிருப்பதும் அவசியம். கசியும் ஒரு ஹோஸ் சூடான எக்ஸாஸ்டுக்கு மேல் இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு காரிலும் தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும்.

உறுப்பினர் சந்தா எதற்குச் செலவாகிறது?

செய்திமடல், பொதுக் காப்பீடு, கூட்டமைப்புகளுக்கான கட்டணம், நிகழ்ச்சி முன்பணம் ஆகியவற்றுக்கே பெரும்பகுதி போய்விடும். பொறுப்பாளர்கள் ஊதியமின்றி உழைப்பவர்கள். ஆண்டுப் பொதுக்குழுவில் கணக்கு ஒவ்வொரு வரியாக முன்வைக்கப்படும். கேள்வி கேட்பது உங்கள் உரிமை.

உறுப்பினர்களுக்கு வயதாகிறது. இந்தக் கார்கள் யாரிடம் போகும்?

எல்லாக் கிளப்களும் இன்று எதிர்கொள்ளும் கேள்வி இது. இந்தக் கார்கள் புதிதாக வந்தபோது இளைஞர்களாக இருந்து ஆசைப்பட்டவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இளைஞர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. அவர்களிடம் இல்லாதவை கராஜும் கருவிகளும் பணமும்தான். இவை மூன்றில் முதல் இரண்டைக் கிளப்பால் கொடுக்க முடியும். எங்கள் பழக்கத்தில் பலன் தந்தவை சில உண்டு: மாணவர்களுக்குப் பெயரளவு சந்தா, பழுதுபார்ப்பு நாளில் ஒவ்வொரு இளைஞருக்கும் ஒரு வழிகாட்டியைச் சேர்த்து வைப்பது, பயணத்தில் காலி இருக்கையோடு யாரும் புறப்படாமல் பார்த்துக்கொள்வது. வாகனம் நிறுத்துமிடம் போன்ற பாதுகாப்பான தனியிடத்தில், உரிமம் வைத்திருப்பவரை ஓட்டவும் விட வேண்டும். முதல் கியரில் சின்க்ரோமெஷ் (கியர் பற்களின் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு) இல்லாத எம்ஜிஏ நின்ற பிறகே அதில் கியர் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால், பவர் ஸ்டியரிங் மட்டுமே அறிந்தவரும் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்.

மூத்த உறுப்பினர்களிடம் வேண்டிக்கொள்வது ஒன்று. உங்கள் காருக்கு ஒரு கோப்பு தயார் செய்து வையுங்கள். பதிவு ஆவணங்கள், சான்றிதழ், வாங்கிய ரசீதுகள், செய்த மாற்றங்கள், எந்தப் பெட்டியில் எந்தப் பாகம் இருக்கிறது என்ற பட்டியல், பற்றவைப்புக்கும் பேட்டரிக்கும் நீங்கள் மறைத்து வைத்த சுவிட்ச் எங்கே என்ற குறிப்பு ஆகிய எல்லாம் அதில் இருக்கட்டும். குடும்பத்தினருக்கு அந்தக் கோப்பு எங்கே இருக்கிறதென்றும், கிளப்பில் யாரை அழைக்க வேண்டுமென்றும் சொல்லி வையுங்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் அடிமாட்டு விலைக்குக் காரைக் கேட்டு வருபவர்கள் உண்டு. கிளப் சார்பில் இருவர் சென்று, காரின் நிலையையும் நியாயமான விலையையும் எழுத்தில் கொடுத்து, விற்பதா வைத்துக்கொள்வதா என்று குடும்பமே நிதானமாக முடிவு செய்யும்வரை மாதம் ஒரு முறை போய் எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரியைப் பார்த்து வருவது எந்த உள்ளூர் கிளப்பாலும் செய்யக்கூடிய உதவி. மதிப்பிடச் செல்லும் அந்த இருவரும் அந்தக் காரை வாங்கக் கூடாது என்பதை விதியாகவே எழுதி வைத்துவிடுங்கள்.